கேள்வி–பதில்: வீட்டு ஹீட் பம்ப், இயக்கமும் பராமரிப்பும்

வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் இயந்திரமான ஹீட் பம்ப் பற்றி எங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை "என்ன கோளாறு?" என்றே தொடங்குகின்றன. அவற்றில் விவரிக்கப்படும் அறிகுறிகளில் பல, கோளாறே அல்ல. அடுப்பையோ பாய்லரையோ பயன்படுத்திப் பழகிய எதிர்பார்ப்போடு வேறொரு வகை இயந்திரத்தைப் பார்ப்பதால் எழும் ஐயங்கள். ஆகவே, பராமரிப்புக் கேள்விகளுக்குப் போவதற்கு முன், இயக்கம் பற்றிய கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி இருக்கும்போதும், அந்தக் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்குவதாகச் சொல்கிறார்கள். உறைய வைக்கும் காற்றில் வெப்பம் எங்கே இருக்கிறது?

பதில்: நிறையவே இருக்கிறது. ஒரு பொருளில் வெப்பம் முற்றிலும் இல்லாமல் போவது மைனஸ் 273 டிகிரி செல்சியஸில்தான். அந்த அளவுகோலில் பார்த்தால் மைனஸ் 10 டிகிரி காற்று, 20 டிகிரி உள்ள அறைக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைந்தது. வெப்பம் இருப்பது ஒருபுறம். அது தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் போகாது என்பதுதான் சிக்கல். அதைப் போக வைப்பதற்குத்தான் கம்ப்ரசரும் மின்சாரமும் தேவைப்படுகின்றன.

வெளி யூனிட்டின் குழாய்களுக்குள் சுற்றும் குளிர்பதனப் பொருள் மிகக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கக்கூடியது. ஆர்32 என்ற குளிர்பதனப் பொருள் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரி அளவில் கொதிக்கும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும். வெளிக்காற்று மைனஸ் 10 என்றால், குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைத்து அந்தத் திரவத்தை மைனஸ் 15 அல்லது அதற்கும் கீழே கொதிக்க வைக்கிறார்கள். அப்போது அதைவிடக் காற்று சூடானது என்பதால், காற்றிலிருந்து வெப்பம் திரவத்துக்குள் இயல்பாகவே பாய்கிறது, திரவம் ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இறுக்கி அழுத்தும்போது அதன் வெப்பநிலை 60, 70 டிகிரி வரை உயர்கிறது. பிறகு அது வீட்டின் பக்கம் உள்ள குழாய்களில் மீண்டும் திரவமாகக் குளிரும்போது, வெளியில் வாங்கிய வெப்பத்தையும் கம்ப்ரசர் கொடுத்த ஆற்றலையும் சேர்த்து அறைக் காற்றுக்கோ ரேடியேட்டர் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகை) தண்ணீருக்கோ விட்டுவிடுகிறது. இறுதியாக விரிவு வால்வு வழியாக அழுத்தம் குறைந்து, மீண்டும் வெளியே கொதிக்கப் போகிறது. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் கை வைத்தால் சுடுகிறதல்லவா, அங்கே நடப்பதும் இதேதான்.

கேள்வி: 1 யூனிட் மின்சாரத்துக்கு 4 யூனிட் வெப்பம் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொல்கிறார். இது நம்பக்கூடியதா, விளம்பரமா?

பதில்: கணக்கு சரிதான், ஆனால் எந்த நிலையில் என்று அவர் சொன்னாரா என்பதைப் பொறுத்தது. மீதி 3 யூனிட் வெளிக்காற்றிலிருந்து வருவதால் இயற்பியல் விதி எதுவும் மீறப்படவில்லை. கொடுத்த மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெப்பத்தின் விகிதத்தைச் 'சிஓபி' என்று குறிப்பிடுவார்கள். விவரக் கையேட்டில் பளிச்சென்று அச்சிடப்படும் சிஓபி பெரும்பாலும் வெளிக்காற்று 7 டிகிரி, வீட்டுக்குள் போகும் தண்ணீர் 35 டிகிரி என்ற இதமான நிலையில் அளந்ததாக இருக்கும். உங்கள் ரேடியேட்டருக்கு 55 டிகிரி தண்ணீர் தேவைப்பட்டால், வெளியே பனி பெய்யும் நாளில் அந்த எண் கிடைக்காது.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். இயற்பியல் அனுமதிக்கும் உச்ச வரம்பு, கொடுக்கும் பக்கத்தின் வெப்பநிலையை (மைனஸ் 273-இலிருந்து எண்ணி) இரு பக்கங்களுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்தால் வருவது. வெளியே 0 டிகிரி, தண்ணீர் 35 டிகிரி என்றால் 308-ஐ 35-ஆல் வகுக்க, வரம்பு ஏறத்தாழ 8.8. தண்ணீர் 55 டிகிரி என்றால் 328-ஐ 55-ஆல் வகுக்க, சுமார் 6. நடைமுறை இயந்திரங்கள் இந்த வரம்பில் பாதியையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் எட்டுகின்றன. எனவே அதே வீட்டில், அதே இயந்திரம், அதே நாளில், தண்ணீரின் வெப்பநிலையை மட்டும் மாற்றினால் 4-க்கு அருகிலும் இயங்கலாம், 3-க்குக் கீழும் இறங்கலாம். விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது ஒற்றை நாளின் சிஓபியை அல்ல; உங்கள் வீட்டுக்குத் தேவையான தண்ணீர் வெப்பநிலையில், ஒரு முழுக் குளிர்காலத்தின் சராசரி எவ்வளவு என்பதைத்தான். அதற்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: பழைய பாய்லர் இருந்தபோது ரேடியேட்டரைத் தொட முடியாது. ஹீட் பம்ப் வைத்த பிறகு அது வெதுவெதுப்பாகவே இருக்கிறது; இயந்திரமும் நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. திறன் போதவில்லையா?

பதில்: அறை நீங்கள் விரும்பும் வெப்பநிலையில் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். இருக்கிறது என்றால், நீங்கள் புகாராக எழுதியிருக்கும் இரண்டுமே இயந்திரம் நன்றாக ஓடுவதற்கான அடையாளங்கள்.

பாய்லர்கள் 70, 80 டிகிரி தண்ணீரை அனுப்பிச் சற்று நேரம் எரிந்து அணைந்துவிடும். ஹீட் பம்போ 35 முதல் 50 டிகிரி வரையான தண்ணீரை நீண்ட நேரம் அனுப்பி, வீடு இழக்கும் வெப்பத்தை இழக்க இழக்க ஈடு செய்கிறது. மேலே சொன்ன கணக்கின்படி தண்ணீரின் வெப்பநிலை குறையக் குறையச் செலவும் குறையும்; ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 விழுக்காடு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இன்றைய இன்வெர்ட்டர் வகைக் கம்ப்ரசர்கள் தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், நாள் முழுவதும் மெதுவாக ஓடுவது அவற்றுக்குச் சுமை அல்ல. 5 நிமிடம் ஓடி, 5 நிமிடம் நின்று, மீண்டும் கிளம்புவதுதான் கம்ப்ரசரைத் தேய்த்துவிடும். வீட்டின் தேவைக்கு மிஞ்சிய பெரிய யூனிட்டை வாங்கியவர்கள் இந்தத் தொல்லையைத்தான் அடிக்கடி சந்திக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியில் 'ஹீட்டிங் கர்வ்' என்றோ 'வெதர் காம்பன்சேஷன்' என்றோ ஓர் அமைப்பு இருக்கும். வெளியே எவ்வளவு குளிரோ அதற்கேற்பத் தண்ணீர் எவ்வளவு சூடாகப் போக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. பொருத்தும் பணியாளர்கள் புகார் வராமல் இருக்க இதைச் சற்று உயர்த்தி வைத்துவிட்டுப் போவது வழக்கம். ரேடியேட்டர் வால்வுகளை முழுவதும் திறந்து வைத்துவிட்டு, இந்த அமைப்பை 2 டிகிரி குறையுங்கள். இரண்டு நாள் பொறுத்திருந்து, அறைகள் இதமாகவே இருந்தால் மீண்டும் 2 டிகிரி குறையுங்கள். ஏதேனும் ஓர் அறை குளிர்ந்துபோகும் கட்டம் வரும்; அப்போது ஒரு படி மேலே ஏற்றி நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டுமானம் வெப்பத்தை மெதுவாகத்தான் வாங்கும், மெதுவாகத்தான் விடும் என்பதால், மாற்றிய அன்று மாலையே தீர்ப்புச் சொல்வதில் பயனில்லை.

அதே காரணத்தால், இரவில் முழுவதும் அணைத்துவிட்டுக் காலையில் வேகமாகச் சூடேற்றுவது பல வீடுகளில் சேமிப்பாக அமைவதில்லை. காலையில் இழந்ததை மீட்கும் அவசரத்தில் இயந்திரம் தண்ணீரை அதிகம் சூடாக்க நேரிடும். சில சமயம் துணைக்கு உள்ள மின்சூடேற்றியும் இயங்கத் தொடங்கிவிடும். அந்தச் சூடேற்றி 1 யூனிட்டுக்கு 1 யூனிட் மட்டுமே தரும். இரவில் 2 டிகிரி குறைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: ஈரக்குளிர் நாட்களில் வெளி யூனிட்டின் விசிறி திடீரென்று நின்று, 'புஸ்'ஸென்று ஓர் ஒலி கேட்டு, வெண்புகை எழுகிறது. தீப்பிடித்துவிட்டதோ என்று மின்சாரத்தை அணைத்துவிட்டேன். என்ன செய்ய வேண்டும்?

பதில்: அடுத்த முறை அணைக்காமல், அருகில் நின்று பாருங்கள். வெளிச்சுருளின் (வெளி யூனிட்டில் உள்ள குழாய்ச் சுருளின்) அலுமினியத் தகடுகள் காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால், காற்றின் ஈரம் அவற்றின் மீது உறைபனியாகப் படிகிறது. முதலில் கண்ணாடி மீது மூச்சு விட்டதுபோல ஒரு மெல்லிய வெண்மை தோன்றும். ஒரு மணி நேரத்துக்குள் அது தகடுகளின் இடைவெளியை அடைத்துவிடும். காற்று போக வழியில்லாமல் ஆகிவிடும் முன், இயந்திரம் திசைமாற்று வால்வைத் திருப்பி, தற்காலிகமாக வீட்டுப் பக்கத்து வெப்பத்தை வெளிச்சுருளுக்கு அனுப்புகிறது. நீங்கள் கேட்ட 'புஸ்' அந்த வால்வு திரும்பும்போது அழுத்தம் சமன்படும் ஒலி. விசிறி நிற்பது, உருகும் பனி மீது குளிர்காற்று படாமல் இருப்பதற்காக. புகையாகத் தெரிந்தது வெறும் நீராவி. பனி சொட்டுச்சொட்டாகவும் பிறகு சிறு சரிவுகளாகவும் கீழே விழும்; பொதுவாகச் சில நிமிடங்களில், அதிகம் போனால் 10 நிமிடம் அளவில் முடிந்து, விசிறி மீண்டும் சுழலும்போது எஞ்சிய ஆவி மொத்தமாக வெளியேறும். அதோடு சரி.

இது மிகுதியாக நடப்பது கடுங்குளிரில் அல்ல. வெளியே 0 முதல் 5 டிகிரி வரை இருந்து, காற்றில் ஈரமும் மிகுந்திருக்கும்போதுதான். மைனஸ் 10 டிகிரிக் காற்று பெரும்பாலும் வறண்டது. அதில் படிவதற்கு ஈரம் அவ்வளவாக இருப்பதில்லை.

கவலைப்பட வேண்டிய நிலையும் உண்டு. உருக்கிய பிறகும் சுருளின் ஒரு பகுதியில் பனி அப்படியே ஒட்டியிருந்தால், அல்லது யூனிட்டின் அடித்தட்டில் பனிக்கட்டி திரண்டு விசிறி இறக்கையைத் தொடும் அளவுக்கு வளர்ந்தால், வடிகால் அடைத்திருக்கலாம், உணரி (சென்சார்) பழுதாகியிருக்கலாம், அல்லது குளிர்பதனப் பொருள் குறைந்திருக்கலாம். அப்போது சர்வீஸுக்கு அழையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பனியைக் குத்தி எடுக்க முயலாதீர்கள். தகடுகளுக்குள் ஓடும் குழாயில் ஓர் ஓட்டை விழுந்தால் செலவு வேறு கணக்காகிவிடும்.

கேள்வி: மழையும் பனியும் படாமல் வெளி யூனிட்டைச் சுற்றி ஓர் அழகான மரப்பெட்டி செய்யலாமா?

பதில்: வேண்டாம். அது வெளியில் நிற்பதற்காகவே செய்யப்பட்டது. மூடினால், தான் வெளியே தள்ளிய குளிர்ந்த காற்றையே மீண்டும் இழுக்கும். வெப்பம் எடுக்க வேண்டிய காற்று, ஏற்கெனவே வெப்பம் இழந்த காற்றாக இருக்கும். தூணில் ஏற்றி, தரையில் சேரும் பனிக்கு மேலே இருக்குமாறு வையுங்கள். முன்னால் ஒரு மீட்டராவது திறந்த வெளி விடுங்கள். மேலே ஒரு சாய்கூரை மட்டும் வேண்டுமானால், காற்றோட்டத்தைத் தடுக்காத உயரத்தில் அமைக்கலாம்.

கேள்வி: நானே செய்யக்கூடிய பராமரிப்பு எது? எதற்குப் பணியாளரை அழைக்க வேண்டும்?

பதில்: ஹீட் பம்பின் பராமரிப்பில் பெரும்பகுதி, காற்றும் தண்ணீரும் தடையின்றி ஓடுகின்றனவா என்று பார்ப்பதிலேயே அடங்கிவிடுகிறது, அதை வீட்டுக்காரரே செய்ய முடியும்.

காற்றைச் சூடாக்கி ஊதும் வகை என்றால் உள் யூனிட்டின் ஃபில்டரில் தொடங்குங்கள். தொடர்ந்து பயன்படுத்தும் மாதங்களில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வலையின் கண்கள் தெரியவில்லை என்றால் ஏற்கெனவே தாமதம்தான். வெதுவெதுப்பான நீரில் அலசி, நிழலில் முழுவதும் உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாசனை வரும். அடைத்த ஃபில்டர் காற்றைக் குறைக்கிறது, காற்று குறைந்தால் உள்சுருள் தன் வெப்பத்தை விட முடியாமல் மேலும் சூடாகிறது, கம்ப்ரசர் அதற்கேற்ப அதிக அழுத்தத்தில் உழைக்கிறது. மின்கட்டணம் காரணம் தெரியாமல் ஏறுவதாக எழுதும் வாசகர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வெளி யூனிட்டில், சருகு, விதைப்பஞ்சு, சிலந்தி வலை ஆகியவை சுருளின் பின்பக்கத்தில்தான் ஒட்டும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மென்மையான தூரிகையால் தகடுகள் ஓடும் திசையிலேயே, அதாவது மேலிருந்து கீழாக வருடி எடுத்து, தோட்டக் குழாயின் மெல்லிய நீரால் கழுவுங்கள். வாகனம் கழுவும் அழுத்தக் குழாய் கூடவே கூடாது. அந்தத் தகடுகள் காகிதம் போல மெல்லியவை. விரல் பட்டாலே மடங்கும். மடங்கிய இடங்களை நிமிர்த்த அதற்கென்றே விற்கப்படும் சீப்பு இருக்கிறது. அடியில் உள்ள வடிகால் துளையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அது வெளியேறுகிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீரைச் சூடாக்கும் வகையில் கூடுதலாகச் சில உண்டு. தண்ணீரின் அழுத்தமானியைப் பாருங்கள்: குளிர்ந்த நிலையில் பொதுவாக 1 முதல் 2 பார் (அழுத்த அலகு) வரை இருக்க வேண்டும், அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது. ரேடியேட்டரின் மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது, அதன் காற்றுத் திருகைத் திறந்து காற்றை வெளியே விடுங்கள். திரும்பி வரும் குழாயில் வலை ஃபில்டரும், பல வீடுகளில் காந்த ஃபில்டரும் இருக்கும்; பழைய ரேடியேட்டர்களோடு இணைத்த முதல் ஆண்டில் அதில் கறுப்புச் சேறு சேர்வது வியப்பல்ல. அதைச் சுத்தம் செய்யும் முறையை, முதல் சர்வீஸின்போதே பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

குளிர்பதனச் சுற்று, மின் இணைப்புகளின் இறுக்கம், உணரிகளின் அளவு, உறைதடுப்புத் திரவத்தின் செறிவு ஆகியவை பயிற்சி பெற்றவரின் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன்பே அழைப்பது உசிதம். வந்தவர் தகடுகளைத் துடைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் அது சர்வீஸ் ஆகாது. தண்ணீர் போகும் வெப்பநிலை, திரும்பும் வெப்பநிலை, கம்ப்ரசர் எத்தனை முறை கிளம்பியிருக்கிறது, மின்சூடேற்றி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிடுவதற்கு அவைதான் உதவும்.

கேள்வி: ஆண்டுதோறும் 'கேஸ்' நிரப்ப வேண்டும் என்று மெக்கானிக் கூறுகிறார். உண்மையா?

பதில்: இல்லை. 'கேஸ்' என்று அவர் சொல்வது குளிர்பதனப் பொருளை; அது எரிபொருள் அல்ல, தீர்ந்து போவதற்கு. மூடிய சுற்றில் அதே பொருள்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருக்கிறது என்றால் கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது, அடுத்த ஆண்டும் அவரையே அழைக்க வைக்கும் ஏற்பாடு. குழாய் இணைப்பு நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசும் தெரிந்தால், அங்கே சந்தேகப்படலாம். கம்ப்ரசர் எண்ணெய் அந்தப் பொருளோடு சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் அதுவும் வெளிவரும். எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்பது வெளி யூனிட்டின் தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். கையால் தொட்டுப் பார்த்துக் குத்துமதிப்பாக அல்ல, தராசில் நிறுத்தே நிரப்ப வேண்டும்.

எந்தப் பொருள் என்பதும் முக்கியம். பழைய ஆர்22, ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாக ஒழிக்கப்பட்டு வருகிறது. அதற்குப் பின் பரவிய ஆர்410ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் 1 கிலோ வெளியேறினால் 100 ஆண்டுக் காலக் கணக்கில் ஏறத்தாழ 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்கும். ஆர்32-க்கு அது 675 அளவு. இவ்வகைப் பொருட்களைக் குறைக்கவே 2016-இல் அந்த மான்ட்ரியல் உடன்படிக்கைக்குக் கிகாலி திருத்தம் ஏற்கப்பட்டது. இப்போது புதிய யூனிட்டுகள் பலவற்றில் வரும் புரோப்பேனுக்கு (ஆர்290) அந்தப் பாதிப்பு மிகச் சிறிது. எரியக்கூடியது என்பதுதான் அதன் குறை. காற்றைவிடக் கனமானதாகையால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். எனவே சன்னல், கதவு, நிலவறை வாயில், சாக்கடைத் திறப்பு ஆகியவற்றிலிருந்து தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தை விட்டே அதை அமைக்க வேண்டும்.

கேள்வி: இது முற்றிலும் புதிய தொழில்நுட்பமா? இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கலாமா?

பதில்: பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், இந்தக் கருத்தை 1852-இலேயே எழுதிவிட்டார். சூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938-இல் லிமாட் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் அமைக்கப்பட்டது. புதுமை என்ற காரணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் சன்னல் இடுக்குகள் வழியே வெப்பம் ஒழுகுகிறது என்றால், முதலில் அதை அடைத்த பிறகு வாங்குவது நல்லது. சிறிய யூனிட்டே போதுமானதாகிவிடும்.

கேள்வி: குளியலுக்கான வெந்நீர்த் தொட்டியை 45 டிகிரியில் வைத்தால் மின்சாரம் மிச்சமாகிறது. ஆனால் இயந்திரம் வாரம் ஒருமுறை தானாகவே 60 டிகிரிக்கு ஏற்றுகிறது. அதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். தேங்கிய வெதுவெதுப்பான நீரில், குறிப்பாக 20 முதல் 45 டிகிரி வரை, லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். நீர்த்துளிகளோடு நுரையீரலுக்குள் போனால் கடும் நிமோனியாவை உண்டாக்கக்கூடியது. 60 டிகிரியில் அது அழிகிறது. அந்த வாராந்தர ஏற்றத்துக்கு ஆகும் மின்சாரம் சொற்பம். மற்ற நாட்களில் 48, 50 டிகிரி போதும். தொட்டி 60 டிகிரியை எட்டும் வேளையில் குழாய் நீர் தோலைச் சுட்டுவிடும் என்பதால், சிறு குழந்தைகளோ முதியவர்களோ உள்ள வீட்டில் குளிர்நீரைக் கலந்து சூட்டைத் தணிக்கும் கலவை வால்வு ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் ஒரு மாதம் வெளியூர் போகிறோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: தண்ணீர்க் குழாய்கள் வெளி யூனிட் வரை போகும் அமைப்பு என்றால், கூடாது. உறைபனி வெப்பநிலையில் இயந்திரம் தானாகவே அவ்வப்போது பம்பை ஓட்டித் தண்ணீரை நகர்த்திக்கொண்டிருக்கும். மின்சாரம் இல்லையென்றால் அந்தக் காவல் இல்லை. உள்ளே உறையும் நீர் விரிந்து வெப்பப் பரிமாற்றியைப் பிளந்துவிடும். தெர்மோஸ்டாட்டை 12 அல்லது 15 டிகிரிக்கு இறக்கி, இயங்கும் நிலையிலேயே விட்டுச் செல்லுங்கள். நீண்ட மின்வெட்டு வரக்கூடிய இடம் என்றால், உறைதடுப்புத் திரவம் கலப்பது அல்லது உறைநிலை நெருங்கும்போது தண்ணீரைத் தானாக வெளியேற்றும் வால்வைப் பொருத்துவது பற்றிப் பணியாளரிடம் பேசுங்கள். எக்காரணத்தாலோ குளிரில் நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்திருந்தால், வந்தவுடன் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். இணைப்பைக் கொடுத்துவிட்டு, கையேடு சொல்லும் சில மணி நேரம் காத்திருங்கள். கம்ப்ரசரின் அடிப்பகுதியில் உள்ள சிறு சூடேற்றி, எண்ணெயில் கரைந்திருக்கும் குளிர்பதனப் பொருளை ஆவியாக்கி வெளியேற்றிய பிறகே அதைக் கிளப்ப வேண்டும்.